ஜப்பானிய மொழிப் பரீட்சையும் நமது உரைமரபும்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களிற் பிறந்து, சாதாரண தரம், உயர்தரம் என்னும் பரீட்சைகளை ஒருவாறு எழுதி முடித்து, கொழுந்து பறிப்பதிலும் கவ்வாத்து வெட்டுவதிலும் தம் பெற்றோர் கழித்த ஆயுளைத் தாமும் அவ்வாறே கழிக்க மனமில்லாத இளைஞருக்கும் யுவதிகளுக்கும், கொழும்புக் கடைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் மத்திய கிழக்கு நாடுகளின் வீட்டு வேலையுமே நெடுங்காலமாகத் திறந்திருந்த வழிகள். அண்மைக் காலத்தில் ஜப்பான் என்னும் புதியதொரு திசையும் அவர்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது. 2019 ஏப்ரலில் ஜப்பானிய அரசாங்கம் குறித்த துறைகளில் திறன் பெற்ற பிறநாட்டுத் தொழிலாளருக்கென்று ஒரு விசா முறையை ஏற்படுத்திற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே இலங்கை அதற்கான ஒத்துழைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகத் தொழில் முதலிய துறைகளில் அம்முறைப்படி செல்ல விரும்புவோர், தொழிற்றிறன் பரீட்சையோடு மொழிப் பரீட்சை ஒன்றிலும் தேற வேண்டும்: ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் தகைமைப் பரீட்சையின் என்-4 நிலை, அல்லது ஜே.எப்.டி. பேசிக் என்னும் கணினி வழிப் பரீட்சை.

இப்பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்வோர் சொற்களை மனனஞ் செய்வதிலும் கேட்டற் பயிற்சியிலும் காட்டும் சிரத்தையை வாசித்துக் கிரகிப்பதிற் காட்டுவதில்லை என்பதும், அதற்கேற்ற முறையைத் தமிழ் மாணவர் தம் சொந்த மொழியின் கல்வி மரபிலேயே வைத்திருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள் என்பதுமே இங்கு நான் எடுத்துரைக்க விரும்பும் விஷயம். மடுல்சீமையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளைத் தாக்கிய நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட மலை அது; கோப்பி மடிந்து தேயிலை வந்த பிறகும் பசறையிலிருந்து பாதையேறிப் போய்ச் சேர வேண்டிய ஒதுக்கமான இடமாகவே இருப்பது. அங்கிருந்து பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 290 கிலோமீற்றர் ரயிலிற் பிரயாணஞ் செய்து கொழும்பிற் பரீட்சை எழுதும் ஒருவருக்கு, ஒரு முறை தவறினால் வீணாவது பரீட்சைக் கட்டணம் மட்டுமன்று. லயத்திலுள்ள குடும்பத்தின் பல நாட் சம்பளமும் அதனோடு போய்விடுகிறது.

பரீட்சையின் அமைப்பைச் சற்று நோக்குவோம். 1984இல் தொடங்கிய ஜே.எல்.பி.டி., 2010இல் திருத்தியமைக்கப்பட்டு, என்-5 முதல் என்-1 வரை ஐந்து நிலைகளை உடையதாயிற்று. என்-4இல் மொத்தப் புள்ளி 180. தேறுவதற்கு 90 வேண்டும். மொழியறிவும் வாசிப்பும் ஒன்றாகச் சேர்த்து 120 புள்ளி. அதிற் குறைந்தது 38 பெற வேண்டும். கேட்டலுக்கு 60 புள்ளி. அதிற் குறைந்தது 19. இலக்கணத்துக்கும் வாசிப்புக்குமாகச் சேர்த்துக் கொடுக்கப்படும் நேரம் 55 நிமிடம். நூறு முதல் இருநூறு எழுத்து வரையுள்ள சிறு பகுதிகள், 450 எழுத்தளவில் ஒரு நடுத்தரப் பகுதி, 400 எழுத்தளவில் ஓர் அறிவித்தலோ அட்டவணையோ என வாசிப்பு வினாக்கள் அமைகின்றன. வாசிப்பின் புள்ளி இங்கே இலக்கணத்தின் புள்ளிக்குள் மறைந்து கிடப்பதால், அதிற் பலவீனமுள்ளவரும் சொல்லையும் இலக்கணத்தையுங் கொண்டு என்-4இல் தப்பித்து விடலாம். என்-3இல் அந்த மறைவிடம் இல்லை. அங்கே வாசிப்பு 60 புள்ளியுள்ள தனிப்பிரிவு. அதில் 19 பெறாதவர் ஏனைய பிரிவுகளில் எவ்வளவு பெற்றாலும் தேறியவராகமாட்டார். அவ்விசாவிற் கிடைக்கும் ஐந்தாண்டு வேலைக்காக மட்டுமின்றி மேற்கொண்டும் முன்னேறக் கருதுவோர், என்-4 வகுப்பிலேயே வாசிப்பைப் பழகிக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

வாசித்துக் கிரகித்தல் என்பது யாது? பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு அறிஞர் 1986இல் இதற்கு எளியதொரு சூத்திரங் கூறினர்: எழுத்தை ஒலியாகவும் சொல்லாகவும் இனங்காணும் ஆற்றலையும், மொழியை விளங்கிக்கொள்ளும் ஆற்றலையும் ஒன்றாலொன்று பெருக்கி வருவதே கிரகித்தல் என்பது அவர்கள் கருத்து. கூட்டல் என்னாது பெருக்கல் என்றமை கவனிக்கத்தக்கது. இரண்டில் ஒன்று சூனியமாயின் விடையும் சூனியமே. பிறமொழி வாசிப்பை ஆராய்ந்த போல் நேஷன் முதலியோர், அகராதியின் துணையின்றி ஒரு பகுதியைச் செவ்வையாக விளங்கிக்கொள்ள நூற்றுக்கு 98 அளவில் அதன் சொற்கள் வாசகனுக்குப் பழக்கமாயிருத்தல் வேண்டுமென்று கண்டனர். ஐந்தில் ஒரு சொல் தெரியாத பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்காகப் போராடும் மாணவர், வாசிப்பைப் பழகுவதாக எண்ணி ஊகித்தலையே பழகுகின்றனர்.

எழுத்தை இனங்காணும் முதற்படியில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஜப்பானியரின் கானா எழுத்துக்கள் அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர் வரிசையிலும், க, ச, த, ந என்று தொடங்கி, இன்று 'ஹ' ஆகிவிட்ட பழைய 'ப' வரிசையைக் கடந்து, ம, ய, ர, வ என்னும் மெய் வரிசையிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாரத தேசத்துச் சித்த எழுத்தைப் பயின்ற பௌத்த பிக்குகளின் வாயிலாக அந்நாட்டில் நிலைபெற்ற இவ்வரிசை, நம் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலே பாடமாக்கிய வரிசைக்கு உறவானதே. குறில் நெடில் வேறுபாடும், மெய் இரட்டித்தலும் நமக்குப் பழக்கமானவை; 'ஒபஸான்' என்றால் அத்தை, 'ஒபாஸான்' என்றால் பாட்டி என்னும் பேதத்தைத் தமிழ்ச் செவி உடனே பற்றிக்கொள்ளும். 'ka' ஒலிக்கும் 'ga' ஒலிக்கும் நம் எழுத்தில் ஒரே வடிவம் இருப்பதால், எழுத்தின் தலையில் ஜப்பானியர் இடும் இரு சிறு கோடுகளைக் கவனியாது விடும் வழக்கம் மட்டும் ஆரம்பத்திலேயே திருத்தப்பட வேண்டியது.

வாக்கிய அமைப்புக்கு வந்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. கக்குஷூயின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் பிறப்புறவு உண்டென்று வாதித்தவர். சென்னையில் பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியரும் அவ்வாராய்ச்சியில் அவருக்குத் துணைநின்றனர். அவருடைய கொள்கையை மொழியியலாளரிற் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறப்புறவு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, இரு மொழிகளின் நடையும் ஒத்துச் செல்கிறது என்பது எவருங் காணக்கூடிய உண்மை. எழுவாய் முன்னும் பயனிலை இறுதியிலும் வருகின்றன. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. பெயரெச்சம் தன் பெயருக்கு முன்னே நிற்கிறது. வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருகின்றன.

என்-4 நிலைக்கேற்ப நான் அமைத்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: 'தனகா ஸான் கா ஒகுத்தே குரெத்தா ஒச்சா ஒ நொந்தே மித்தே, ஹஹா நி மொ அகெமஷித்தா.' சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'தனகா அவர்கள் அனுப்பித் தந்த தேயிலையைக் குடித்துப் பார்த்து, அம்மாவுக்கும்' என்பது வரை ஒரு சொல்லையும் இடம்மாற்ற வேண்டியதில்லை. 'ஒகுத்தே குரெத்தா' என்பது அனுப்பித் தந்த. 'நொந்தே மித்தே' என்பது குடித்துப் பார்த்து. ஒன்றைச் சோதித்தறிவதைப் 'பார்' என்னும் துணைவினையால் அவர்களும் சொல்லுகிறார்கள், நாமும் சொல்லுகிறோம். 'ஹஹா நி மொ' என்பதில் 'நி' நான்காம் வேற்றுமை உருபு, 'மொ' உம்மை. அம்மா, கு, உம் என்னும் அதே அடுக்கு. ஆங்கிலத்தின் வாயிலாக இவ்வாக்கியத்தைக் கற்கும் ஒருவன் அதைத் தலைகீழாகப் புரட்டிப் பின் நிமிர்த்த வேண்டியிருக்க, தமிழன் வந்த வழியே நேராகப் படித்துச் செல்லலாம்.

ஆயினும் கடைசிச் சொல்லில் வந்து அவன் தடுக்கி விழுகிறான். 'அகெமஷித்தா' என்பதற்கு என்ன பொருள்? கொடுத்தேனா, கொடுத்தாரா, கொடுத்தார்களா? ஜப்பானிய வினைமுற்று திணை, பால், எண், இடம் எதையும் காட்டுவதில்லை. தமிழிலும் எழுவாயை நாம் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். வினையின் விகுதி அதைச் சொல்லிவிடும் என்ற தைரியமே அதற்குக் காரணம். ஜப்பானியத்தில் எழுவாயும் இல்லை, அதைக் காட்டும் விகுதியும் இல்லை. இரு மொழிகளும் இவ்வளவு ஒத்திருப்பதனாலேயே, இந்த ஒவ்வாமை கண்ணிற் படாமற் போகிறது. தமிழ் மாணவன் அருகிலிருக்கும் பெயரை, அதாவது தனகாவை, வினைக்கு எழுவாயாக்கி, 'தனகா தம் தாய்க்குக் கொடுத்தார்' என்று எழுதிவிட்டுப் போகிறான். வினாத்தாளை அமைப்போரும் யார் யாருக்குக் கொடுத்தது என்பதையே வினாவாக்குவது வழக்கம்.

விடைக்குரிய குறிப்புகள் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன. 'குரெரு' என்னும் வினை பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தவர்க்கோ தரும்போது மட்டுமே வரும். ஆகவே தேயிலை வந்து சேர்ந்தது எழுதுபவரிடம். 'ஹஹா' என்பது தன் தாயைப் பிறரிடம் குறிப்பிடும் சொல். பிறர் தாயானால் 'ஒகாஸான்' என்றிருக்கும். எனவே குடித்துப் பார்த்ததும் நான், கொடுத்ததும் நான், கொடுத்தது என் அம்மாவுக்கு. இந்த நுட்பம் நமக்கு அந்நியமானதன்று. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதித்திருக்கிறது. நாம் பேச்சில் ஏறக்குறைய மறந்துவிட்ட அந்த வேற்றுமையை ஜப்பானியர் இன்றும் அன்றாடம் காத்துவருகின்றனர்.

மலையகத்துப் பிள்ளைக்கு இவ்விஷயத்தில் இன்னுமொரு கைவிளக்கு உண்டு. அதை ஆசிரியர்கள் கவனித்தாரில்லை. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் அது பேசும் சிங்களத்தில் 'மம கியா', 'எயா கியா', 'அபி கியா' என்று, நான் போனாலும் அவர் போனாலும் நாங்கள் போனாலும் வினை ஒன்றே. இடங்காட்டாத வினையோடு அப்பிள்ளை சிறுவயது முதலே பழகியிருக்கிறது. ஜப்பானிய மொழி வகுப்புகளிற் பெரும்பாலானவை சிங்களத்திலேயே நடப்பதைத் தமிழ் மாணவர்க்கு நேர்ந்த குறையாகவே கருதி வருந்துவோர் உண்டு. விளக்கம் முழுவதும் இரண்டாம் மொழியிலேயே வருவது குறைதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், எச்சமும் வேற்றுமையும் அடுக்கும் முறைக்குத் தமிழையும், விகுதியற்ற வினைக்குப் பேச்சுச் சிங்களத்தையும் ஒருசேரத் துணைக்கழைக்கக் கூடிய மாணவன், ஒரு மொழி மட்டும் அறிந்தவனைக் காட்டிலும் ஜப்பானிய வாசகத்தை வேகமாகப் பற்றிக்கொள்ள இடமுண்டு.

இனி முறையைப் பற்றிச் சொல்லுகிறேன். நம் உரையாசிரியர்கள் ஒரு செய்யுளை எவ்வாறு அணுகினார்கள்? சொற்களுக்கிடையே இடைவெளியின்றி, பெரும்பாலும் புள்ளியுமின்றி எழுதப்பட்ட ஏட்டை எடுத்து, முதலிற் பதம் பிரித்தார்கள். தொக்கு நின்ற வேற்றுமை உருபுகளை விரித்தார்கள். எந்தச் சொல் எந்த வினையோடு முடிகிறதென்று அன்வயம் கண்டார்கள். தோன்றா எழுவாயை வருவித்தார்கள். அதன் பின்னரே பொழிப்புரையும், இறுதியிற் கருத்துரையும் கூறினார்கள். ஜப்பானிய வாசகம் வேண்டுவது இந்த ஒழுங்கைத்தான். அந்நாட்டு எழுத்திலும் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. தொடக்க நூல்களில் மாத்திரம் மாணவரின் சௌகரியத்துக்காக இடைவெளி விடுவர். சீனச் சித்திர எழுத்தாகிய கஞ்சி முடிந்து ஹிரகானா தொடங்கி முடியும் இடமும், 'வா', 'கா', 'ஒ', 'நி', 'தே' என்னும் இடைச்சொற்களும் பதம் பிரிக்கும் தையல்களாக உதவும். சீன நூல்களைப் படிக்க நேர்ந்தபோது ஜப்பானியரே எழுத்தின் ஓரத்திற் சிறு குறிகளிட்டு, சொற்களைத் தம் மொழியின் வரிசைக்கு மாற்றி வாசித்தனர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். ஓரத்தில் குறியிட்டுப் படிப்பது இரு நாட்டுக் கல்விக்கும் பொதுவான பழக்கம்.

அன்றாடப் பயிற்சியில் இதைச் செய்ய அதிக உபகரணம் வேண்டியதில்லை. கொப்பியொன்றில் பத்து வரிக்கு மேற்படாத ஜப்பானியப் பகுதியை வரிக்கு வரி இடம்விட்டு எழுதிக்கொள்க. பயனிலையை முதலிற் கண்டு அடிக்கோடிடுக. பெயரெச்சத் தொடர் ஒவ்வொன்றையும், அது தழுவும் பெயர் வரைக்கும் அடைப்புக்குறிக்குள் அடைத்துவிடுக. 450 எழுத்துப் பகுதியின் நெடிய வாக்கியம் அப்பொழுது தன் எலும்புகளைக் காட்டும். பின்னர் ஒவ்வொரு வினையின் மேலும் அதைச் செய்தவர் யார் என்று பென்சிலாற் குறிக்க. 'இது', 'அது', 'அவ்வாறு' என வரும் சுட்டுக்கள் எதைச் சுட்டுகின்றன என்று கோடிழுத்துக் காட்டுக. சுட்டுச் சொல்லின் கீழே கோடிட்டு அதன் பொருளைக் கேட்பது வாசிப்பு வினாக்களில் அடிக்கடி வருவது. கடைசியாக, புத்தகத்தை மூடிவைத்து, படித்ததை இரண்டொரு தமிழ் வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லுக. சொல்ல வராத இடமே விளங்காத இடம். வினாவின் நான்கு விடைகளையும் பார்ப்பது இதற்குப் பிறகுதான்.

இவ்வாறு நிதானமாகப் படிக்கும் பழக்கம் மட்டும் இருந்தால், 55 நிமிடத்தில் வினாத்தாள் முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. வேகத்துக்கு வேறு மருந்து வேண்டும். அது எளிய நூல்களை ஏராளமாகப் படிப்பது. தெரியாத சொல் அரிதாகவே வரும் தரப்படுத்திய சிறு கதைகளையும், கஞ்சிக்கு மேல் உச்சரிப்பை எழுதி என்.எச்.கே. வெளியிடும் எளிய ஜப்பானியச் செய்திகளையும், அகராதியைத் தொடாமல், குறிப்பெடுக்காமல், கதைக்காகவும் செய்திக்காகவும் நாள்தோறும் படித்துவர வேண்டும். கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் இடம் வரை நடந்து போய், ஒரு வாரத்துக்கான வாசகங்களை இறக்கி வைத்துக்கொண்டால் லயத்து அறையிலும் அது இயலும். ஆழ்ந்து படிப்பதும் அகன்று படிப்பதும் தனித்தனிப் பயிற்சிகள். ஒன்றின் நேரத்தில் மற்றதைச் செய்தால் இரண்டும் கெடும்.

உலக அனுபவமும் வாசிப்பில் ஒரு பாதி. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இருவர் அமெரிக்கப் பள்ளி மாணவரிடம் பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தபோது, வாசிப்பிற் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர், வாசிப்பில் வல்லவராயிருந்தும் ஆட்டத்தை அறியாதவரைக் காட்டிலும் நன்றாக விளங்கிக்கொண்டமை தெரியவந்தது. எரியக்கூடிய குப்பைக்கு ஒரு நாள், போத்தல்களுக்கு வேறொரு நாள் என்று ஜப்பானிய நகரசபைகள் வகுத்திருக்கும் ஒழுங்கை அறியாதவர்க்கு, குப்பை அகற்றும் அறிவித்தலின் சொற்கள் அனைத்தும் தெரிந்திருந்தாலும் பொருள் பிடிபடாது. அறிவித்தல் வாசிப்பு தோட்டத்துப் பிள்ளைக்குப் புதியதும் அன்று. மாதச் சம்பளச் சிட்டையை எடுத்து, பேர் போட்ட நாட்கள் எத்தனை, கொழுந்து எத்தனை கிலோ, ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழித்தது சரியா, வேறு பிடிப்பனவு என்ன என்று தாய்க்கு வாசித்துக் காட்டிய பிள்ளை, வேண்டிய தகவலை மட்டும் தேடி எடுக்கும் வித்தையை ஏற்கெனவே பயின்றிருக்கிறது. பரீட்சையிலும் அதுவே செய்ய வேண்டியது: முதலில் வினாவைப் படித்து, கேட்கப்பட்ட நாள், வயது, கட்டணம் ஆகிய நிபந்தனைகளைக் குறித்துக்கொண்டு, பின்பு அட்டவணைக்குள் இறங்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்டு அடியிற் சிறிய எழுத்தில் வரும் விலக்குகளை விட்டுவிடலாகாது. விடை பல முறை அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சிறிய எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது, நம் மலையகத்தின் சரித்திரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைத் தீர்ப்பவர்க்கே அவனை விடுவிப்பதென்று வழங்கிய கடிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். தன் கழுத்தைச் சுற்றியிருந்த அக்காகிதத்தில் என்ன எழுதியிருந்ததென்பதைத் தொழிலாளி வாசித்தறிய இயலாத நிலையிலேயே தலைமுறைகள் கழிந்தன. 1921இற்றான் சட்டம் அம்முறையை ஒழித்தது. இன்று ஜப்பானுக்குப் புறப்படும் அவன் கொள்ளுப்பேத்தியின் கையிலும் காகிதங்கள் வரும்: வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், மேலதிக நேரக் கணக்கு, முதியோர் இல்லத்தின் இரவுப் பணிக் குறிப்பு. அவற்றை அவள் தானே வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும். பரீட்சையில் 180 புள்ளியா 90 புள்ளியா என்பதைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரியம் இதுவே.

ஆகவே பதுளை, பசறை, பண்டாரவளைப் பகுதிகளிலுள்ள தமிழாசிரியர்களிடமும், ஜப்பானிய மொழியில் ஓரளவு தேர்ச்சி பெற்றுத் திரும்பியவர்களிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். என்-4 நிலைக்குரிய ஐம்பது சிறு பகுதிகளைப் புதிதாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதவுரை, எழுவாய்க் குறிப்பு, பொழிப்புரை என்னும் மூன்றையும் தமிழில் அமைத்து, தோட்டப் பாடசாலைகளின் நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி கிடைக்கும்படி செய்யுங்கள். இலக்கணமறிந்த தமிழாசிரியர் ஒருவரும் ஜப்பானியமறிந்த ஒருவரும் வாரவிடுமுறை நாட்களிற் சேர்ந்து உட்கார்ந்தால், ஓராண்டுக்குள் முடியக்கூடிய வேலை அது.